அசையாத மூன்று பந்துகள்

"மூணு வாரமாச்சு, ஒரு பந்துகூடவா ஏறலை?"

மூச்சுப் பயிற்சிக்குத் தந்திருந்த, மூன்று பந்துகள் அடைத்த கருவியைப் பார்த்து மயக்க மருந்து டாக்டரம்மாவின் முகம் வாடியது.

"நாள் தவறாம பண்றாரு டாக்டர். இவர் மூஞ்சிதான் செவந்துபோகுது. பந்து எங்க மாமனார் மாதிரி, இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டேங்குது," என்றாள் நோயாளியின் மனைவி.

"ரோபோ ஆபரேஷன்னா நாலு மணி நேரம் தலை கீழ, கால் மேல. வயித்துல நிரப்புற வாயு வேற நுரையீரலை அமுக்கும். சின்னச் சின்ன மூச்சா கொடுத்து நான் காப்பாத்துவேன். ஆனா இவ்வளவு பலவீனமா இருந்தா தாங்காதேம்மா. தள்ளி வைக்கலாம்."

"அடிவயித்துக் கட்டி அதுவரைக்கும் காத்துக்கிட்டிருக்குமா டாக்டர்?" மனைவியின் கண்கள் நிரம்பின.

"எங்கே, என் எதிர்ல ஒரு தடவை செய்யுங்க ஐயா."

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து குழாயை வாயில் வைத்தார். கன்னங்கள் பூசணிக்காயாய் உப்பின. மேஜைமேல் இருந்த காகிதங்கள் வாசல்வரை பறந்தன. பந்துகள் அசையவில்லை.

"ஐயோ, ஊதக் கூடாது! உள்ளே இழுக்கணும்!"

இழுத்தார். மூன்று பந்துகளும் ஒரே தாவலில் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டன. ஜன்னல் திரைகூட அறைக்குள் எட்டிப் பார்த்தது.

"செவ்வாய்க்கிழமையே ஆபரேஷன்!" டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "இழுக்கணும்னு நர்ஸ் சொல்லலையா?"

"சொன்னாங்க." மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாப்பது வருஷமா பேண்டு செட்டுல டிரம்பெட் வாசிக்கிற மனுஷன். வாயில குழாயைக் கொடுத்தா ஊதாம என்ன பண்ணுவாரு?"