வேண்டுமென்றே மறந்தவள்

"அஞ்சு வார்த்தை சொல்லுவேன், அப்படியே திருப்பிச் சொல்லணும் கேட்டோ? குடை, சங்கு, மாங்காய், தபால், ஏணி."

இசக்கிசெல்வி கூரையைப் பார்த்து யோசிப்பதுபோல் நடித்தாள். "குடை... மாங்காய்... அவ்வளவுதான் சேச்சி."

பச்சைப் பொய். ஐந்தும் நாக்கு நுனியில் நின்றன.

திருவனந்தபுரத்தின் பெண்கள் ரக்பி அணியில் இது அவளுக்கு முதல் சீசன். பந்தோடு ஓடுபவளை மோதிச் சாய்க்கும் ஆட்டம். அதனால் சீசனுக்கு முன்பே ஒவ்வொருத்தியின் ஞாபகத்துக்கும் மார்க் போட்டு வைப்பார்கள். பிறகு தலையில் அடிபட்டால் மறுபடி டெஸ்ட். முதல் மார்க்கைவிடக் குறைந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவளுக்கு இந்த இடம் லேசில் கிடைத்ததா என்ன?

"இப்பவே கம்மியா வாங்கிடு. அப்புறம் அடிபட்டாலும் உன்னை யாரும் உக்கார வைக்க முடியாது" என்று தோழி ஸ்நேகா காதில் ஓதியிருந்தாள்.

"பேரு என்ன மோளே?" டெஸ்ட் எடுத்த ராஜஸ்ரீ கேட்டாள்.

"இசக்கிசெல்வி. முன்னமே ரெண்டு தடவை சொன்னேனே."

பேரிலாவது தடுமாறுகிறேனா என்று பார்க்கிறாளாக்கும்! பலே கெட்டிக்காரி. இசக்கி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ராஜஸ்ரீ பேனாவை மூடினாள். "நீ வேணும்னே தப்பாச் சொல்றே."

"ஐயோ, இல்ல சேச்சி!"

"நானும் ஆடினவதான். இதே வேலையைத்தான் பண்ணினேன். தலையில இடி வாங்கியும் டெஸ்ட்ல பாஸ். சந்தோஷமா கிரவுண்டுக்கு ஓடினேன். பத்தே நிமிஷத்துல ரெண்டாவது இடி. அதோட என் ஆட்டம் முடிஞ்சுது."

இசக்கியின் முகம் செத்துப்போனது. வெட்கமாக இருந்தது. "இன்னொரு தடவை கேளுங்க சேச்சி."

ராஜஸ்ரீ பழைய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டாள். புதுத்தாளிலிருந்து வேறு ஐந்து வார்த்தைகளை வாசித்தாள். ஐந்தும் மடமடவென்று வந்தன. மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னாள்; இசக்கி மூச்சுவிடாமல் சொன்னாள். ஒற்றைக்காலில் ஆடாமல் நின்றும் காட்டினாள்.

"சபாஷ்! அடிபட்டா ஒழுங்கா உக்காரு. தேறி வந்ததும் உன் இடத்துல நீதான் ஆடுவே."

இசக்கிக்கு நெஞ்சு லேசானது. ராஜஸ்ரீ முகமெல்லாம் சிரிப்பாக முழு மார்க் போட்டாள். பிறகு தாளின் மேல்பக்கம் பேனாவை வைத்தவள், எழுதாமல் தயங்கி நிமிர்ந்தாள்.

"மன்னிச்சுக்கோ மோளே. போன வருஷம் என் பேரே எனக்கு வராது, இப்ப எவ்வளவோ தேவலை... உன் பேரு என்ன சொன்னே?"