கண்ணாடிக்குத் தண்ணீர் வரவில்லை

முதலில் தப்புச் செய்தது சங்கரநாராயணன்தான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் குத்தாலிங்கத்தின் மகள் கல்யாணத்துக்கு வந்தார். அட்சதை போட்டார். பந்தியில் உட்காராமல் கிளம்பிவிட்டார்.

"டூட்டி இருக்கு" என்றாராம். அரசு பஸ் டிரைவர். அவர் போய்ச் சேராவிட்டால் செங்கோட்டை பஸ் ஸ்டாண்டையே இழுத்து மூடிவிடுவார்கள் பாருங்கள்!

அன்றோடு பேச்சு நின்றது. தென்காசியில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. கார் நிறுத்த இருவருக்கும் பொதுவில் ஒரே செட். கார்கள் இரண்டும் எட்டு வருடமாக ஒட்டித்தான் நிற்கின்றன. அவற்றுக்கு ரோஷம் கிடையாது. சங்கரநாராயணன் ரிட்டையர் ஆன பிறகும் குத்தாலிங்கம் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

இந்தச் சாரலில்தான் குத்தாலிங்கத்தின் காரில் முன் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிப்பது நின்றுபோனது.

குற்றாலம் ரோட்டில் முன்னால் போன டூரிஸ்ட் வேன் சேற்றை வாரி இறைத்தது. வைப்பர் அதைக் கண்ணாடி முழுக்க அழகாகப் பூசிக் கொடுத்தது. ரம்புட்டான் விற்கிற தள்ளுவண்டிக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. அன்றைக்கென்று பக்கத்து சீட்டில் மகன் உமாசங்கர்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இதச் சரி பண்ணுங்கப்பா. இல்லன்னா சாவி எங்கிட்ட. அறுபத்தெட்டு வயசுக்கு நீங்க ஓட்டுனது போதும்."

சாவி போனால், பிறகு முடிவெட்டப் போவதற்குக்கூட மகனைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

வீட்டில் மனைவி பேராச்சி மெல்ல ஆரம்பித்தாள்.

"அடுத்த வீட்டு அண்ணாச்சி மூட்டு ஆப்பரேசனுக்கு நாகர்கோவில் போனாவல்லா? அதுக்கு மொத நாளு காலைல நம்ம கார் பானெட்டத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னாவ."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா சண்டைக்குப் போவியளே."

காரின் வலது கதவில் பூட்டு கெட்டு வருடக்கணக்காகிறது. யாரும் திறந்து பானெட்டைத் தூக்கலாம். குத்தாலிங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தண்ணி போற கொழாய அறுத்துட்டுப் போயிருக்கான்! கால் வலியோட வந்து அறுத்திருக்கான்னா என்ன நெஞ்சழுத்தம் பாத்தியா?"

செட்டுக்குப் போனார். இரண்டு கார்களுக்கும் நடுவில், குத்தாலிங்கத்தின் பக்கமாக ஒரு சாண் தள்ளி, சங்கரநாராயணனின் சிவப்பு கேன் இருந்தது.

"கேன வச்சு எடம் புடிக்கான்" என்று ஓங்கி ஓர் உதை விட்டார். கேன் நிறைய இருந்தது. அசையவில்லை. பெருவிரல்தான் வீங்கியது.

முகம்மது சலீமின் ஒர்க் ஷாப்புக்குக் காரை விட்டார்.

"சலீமு, ஒரு படுபாவி கொழாயில பிளேடு போட்டிருக்கான். அறுந்த எடத்தக் கண்டுபிடிடே."

சலீம் வைப்பர் லீவரை இழுத்துப் பார்த்தான். "மோட்டார் சத்தம் கேக்குது அண்ணாச்சி. அப்ப பியூசும் நல்லாருக்கு."

"பியூசு கெடக்கட்டும். கொழாயப் பாரு."

தண்ணீர் பீறிடும் துவாரங்களை ஊசியால் குத்தினான். அடைப்பு இல்லை. குழாயை விரலால் தடவிக்கொண்டே போனான். ஒரு கீறல்கூட இல்லை.

"நல்லாத் தடவு. முப்பது வருசம் பஸ் ஓட்டுன கையி. வெளிய தெரியாமத்தான் அறுத்திருப்பான்."

சலீம் இன்னும் அரைமணி நேரம் தடவினான். பிறகு எதற்கும் பார்ப்போமே என்று தண்ணீர் டப்பாவின் மூடியைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான்.

"அண்ணாச்சி, இது காஞ்சு கெடக்கே. கடைசியா எப்பத் தண்ணி ஊத்துனிய?"

"ஊத்தணுமா?"

சலீம் நிமிர்ந்து பார்த்தான்.

"வண்டி வாங்கி எட்டு வருசமாச்சு. ஒரு சொட்டு ஊத்துனதில்ல. அது பாட்டுக்கு அடிக்கும். ஏசித் தண்ணி அதுல போயி விழுதுன்னு நெனச்சேன்."

"சர்வீஸ்ல ஊத்தியிருப்பாங்களோ?"

"அங்க போயி ஆறு வருசமாச்சு. உக்காருன்னு ஒரு வார்த்த சொல்லல அந்தக் கம்பெனிக்காரன்."

"அப்ப யாரு அண்ணாச்சி ஊத்துனது? சாரல் நேரத்துல இது ஒரு மாசம் தாங்காதே."

"நல்ல வண்டிடே. அதான்" என்றார் குத்தாலிங்கம்.

சலீம் ஒரு ஜக்கு தண்ணீர் ஊற்றினான். லீவரை இழுத்ததும் இரண்டு பக்கமும் பீறிட்டது. கண்ணாடி பளிச். சாவியும் பிழைத்தது.

நிமிர்ந்த நெஞ்சோடு வீடு திரும்பினார். பேராச்சி வாசலிலேயே நின்றாள்.

"அடுத்த வீட்டு மதினி ஆஸ்பத்திரிலேருந்து போன் பண்ணுனா. கட்டில்ல படுத்துக்கிட்டு அண்ணாச்சிக்கு இதே கவலையாம்."

"எது?"

"தெனமும் காலைல தன் வண்டிக்குத் தண்ணி பாக்கும்போது நம்ம வண்டிக்கும் பாத்து ஊத்துவாவளாம். எட்டு வருசமா. 'நான் வந்து மூணு வாரமாச்சு, குத்தாலிங்கம் டப்பா காஞ்சிருக்கும். கண்ணு தெரியாம எங்கயாவது கொண்டு மோதப் போறான். செவப்புக் கேன்ல தண்ணி புடிச்சு அவன் வண்டி பக்கத்துலயே வச்சிருக்கேன். அவனுக்குத் தெரியாம பேராச்சிய ஊத்திரச் சொல்லு'ன்னு பாடாப் படுத்துதாவளாம்."

குத்தாலிங்கம் செட்டைத் திரும்பிப் பார்த்தார். கேன் உதைத்த இடத்திலேயே நின்றது. பெருவிரல் இன்னும் வலித்தது.

குனிந்து அதைத் தடவிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"அதெல்லாம் சரி. எம் மக கல்யாணத்துல ஏன் சாப்பிடாமப் போனாருன்னு ஏதாவது சொன்னாரா?"