போனில் அடித்த வெயில்

"மேஸ்திரி, வானத்தைப் பார்க்காதீங்க. போனைப் பாருங்க!"

எதிர்வீட்டுக்காரர் நீட்டிய போனில் மஞ்சள் சூரியன் பல்லிளித்தது. தலைக்கு மேலே கருமேகம் திரண்டிருந்தது. மேல்தளம் போட ஆட்களும் கலவை மிஷினும் தயார்.

"அம்மா, நாளைக்குப் போட்டுக்கலாம். நடுவுல மழை பிடிச்சா சிமெண்ட் பூரா ஓடிடும்" என்றார் மேஸ்திரி.

வீட்டுக்காரம்மாவுக்கு இன்னொரு நாள் பொறுக்க மனசில்லை; இது அவள் கட்டும் சொந்த வீடு. வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டே பாதி ஆயுள் போய்விட்டது அவளுக்கு.

"அண்ணே, போனை நம்பலாமா?"

எதிர்வீட்டுக்காரர் குடிவந்து ஒரு மாதம்தான். ஏதோ அரசாங்க உத்தியோகம் என்று கேள்வி. எந்நேரமும் வீட்டில்தான் இருப்பார்.

"உலகமே ஒண்ணாயிடுச்சு தங்கச்சி! பனிமலையில ஒருத்தன் காத்தை அளக்கிறான், நடுக்கடல்ல ஒருத்தன் மழையை அளக்கிறான். எல்லாம் ஒரே இடத்துல சேர்ந்து, எல்லா நாட்டுக்கும் இனாமா வருது. நாம கால் நீட்டி உட்கார்ந்து பார்த்துக்க வேண்டியதுதான்."

"அதுல ஒருத்தன் ஒழுங்கா அளக்கலைன்னா?"

"ஆயிரம் பேர் அளக்கிறப்போ ஒருத்தன் அளக்கலைன்னா குடியா முழுகிடும்? தைரியமா போடச் சொல்லு!"

ஆசை யாரை விட்டது? அவள் தலையாட்டினாள். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே மிஷினை ஓட்டச் சொன்னார்.

பாதித் தளம்கூட முடியவில்லை. மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. எதிர்வீட்டுக்காரர் உட்பட ஆளுக்கொரு மூலையாகத் தார்ப்பாயைப் பிடித்தும் பயனில்லை. சிமெண்ட் கரைந்து சுவர் வழியே சாம்பலாக இறங்கியது. வீட்டுக்காரம்மா அழுதேவிட்டாள்.

"நம்ம ஊர் வானத்தை அளந்து அனுப்புறவன் எந்தப் படுபாவிண்ணே? என் கையில கிடைக்கட்டும் அவன்!"

"விடக்கூடாது தங்கச்சி அவனை!"

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. இரண்டு கையும் தார்ப்பாயில் இருந்ததால், அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், வானிலைத் தலைமை ஆபீஸ். உங்க வட்டாரத்துக்கு நீங்க ஒருத்தர் அனுப்புற அளவை வச்சுத்தான் உலகம் பூரா எல்லா போன்லயும் காட்டுறாங்க. நிலையத்துலதானே இருக்கீங்க? இப்போ மழை எவ்வளவு, காத்து எவ்வளவுன்னு உடனே சொல்லுங்க."

"நிலையத்துலதான் சார், ஒரு நிமிஷம்" என்ற எதிர்வீட்டுக்காரர், அவள் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்:

"தங்கச்சி, அந்தப் போன்லயே வானிலையைத் திறந்து படி. தினமும் அதைப் பார்த்துத்தான் அனுப்புறேன்."