உறுமுகிற கிட்டார்

"பிரசங்க நேரத்துல உன் பேஸ் கிட்டார் உறுமிக்கினே கீதுன்னு சனங்க சொல்லுது, இக்னேஷியஸ். இந்த ஞாயித்துக்கெழமையும் உறுமிச்சின்னா, கோயில்ல கிட்டாரே கெடையாது" என்று உபதேசியார் சத்தியராஜ் சொல்லிவிட்டார்.

அம்பத்தூர் வீட்டில் இக்னேஷியஸ் கிட்டாரில் கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பழைய பிக்கப்பைக் கழற்றிவிட்டு, இரைச்சலை அடக்கும் ஹம்பக்கர் பிக்கப்பை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். மனைவி ஹில்டா ஸ்பீக்கரில் காதை வைத்தாள். "மூச்சே காணோமே. உசுரு கீதா அதுக்கு?"

ஞாயிறன்று பாதிரியாரின் பிரசங்கத்தின் நடுவே மறுபடி உறுமல் கேட்டது. எல்லோரும் இக்னேஷியஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கிட்டாரின் வயரையே பிடுங்கினான். உறுமல் நிற்கவில்லை. முன்வரிசையில் உபதேசியார் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் உபதேசியாரின் மனைவி ஆரோக்கியம்மாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பழசையே மாட்டிடு நைனா. இத்தினி நாளா அது மேல பழியப் போட்டுதான் நான் மானத்தோட குந்திகினு இருந்தேன்."