ஒன்பதாவது கூடை

பல்கலைக்கழக வளாகத்து டிஸ்க் கோல்ஃப் திடலில் ஒன்பதாவது கூடைதான் கடினம். எறிகிற தட்டு வாவியின் ஒரு மூலையைத் தாண்டிப் போய்ச் சங்கிலிக் கூடைக்குள் விழ வேண்டும். போன வருடம் அங்கே தண்ணீரில் விழுந்த தன் தட்டை எடுத்து வரச் சொல்லி, "எனக்கு நீந்தத் தெரியா அண்ணா" என்று கெஞ்சிய முதலாம் வருட மாணவன் டிலுக்ஷனை மூத்த மாணவன் றொனால்ட் வாவியில் இறக்கிவிட்டான். பிணம்தான் கரைக்கு வந்தது. விசாரணையில், "அவனாத்தான் இறங்கினவன்" என்றான் றொனால்ட்.

இன்று பின்னேரம் றொனால்ட் தனியே பயிற்சி செய்துகொண்டிருந்தபோது டிலுக்ஷனின் அக்கா மேர்லின் வந்து நின்றாள். அவன் பார்க்காததுபோல எறிந்தான். தட்டு தண்ணீரில் விழுந்தது. சற்று நேரத்தில் அது திரும்பிப் பறந்து வந்து, ஈரத்தோடு அவன் காலடியில் விழுந்தது. வாவியில் ஒருவரும் இல்லை. மறுபடி எறிந்தான். மறுபடியும் வந்தது.

"ஆரு எறியிற?" என்று கத்தினான்.

"நீங்கதானே எடுத்து வரச் சொன்னீங்க," என்றாள் மேர்லின். "இன்னொருக்கா எறியுங்க."

எறிந்தான். இம்முறை தட்டு திரும்பவில்லை. கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே அசையாமல் நின்றது.

"தம்பி நீட்டிக்கிட்டு நிக்கான். போய் வாங்குங்க."

றொனால்டுக்குப் போக மனமில்லை. அவன் கைகள் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தன.