இரண்டும் எதற்கு?

“டாக்டர் ஆனா போதாதா? ஆராய்ச்சியும் எதுக்கு?”

காலையிலிருந்து நேர்காணலுக்கு வந்த எல்லாப் பிள்ளைகளிடமும் அவள் இதே கேள்வியைத்தான் கேட்டாள்.

மருத்துவப் பட்டமும் ஆராய்ச்சிப் பட்டமும் சேர்ந்த நீண்ட படிப்பு அது. பள்ளி முடித்த கையோடு வந்தவர்கள் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்கள். அவளும் அதே படிப்பில் முதல் பேட்ச். இந்தக் கேள்விக்கு அன்று தான் என்ன சொன்னோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

இப்போது அவள் நுரையீரல் மருத்துவர். மேசையில் அவளுக்கு ஒரு பக்கம் டீன். மறுபக்கம், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகிவிட்ட உயிர்வேதியியல் பேராசிரியர்.

கடைசியாக வந்த பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

“நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள உன் கூடப் படிச்சவங்கல்லாம் பிள்ளை குட்டியோட உன்கிட்டயே வைத்தியத்துக்கு வருவாங்க, பரவாயில்லையா?” என்றார் டீன். எல்லோரிடமும் சொன்ன வேடிக்கைதான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஆராய்ச்சி எதற்கு என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொன்னாள்.

“எங்கப்பாவுக்கு நுரையீரல் இறுகிப் போற நோய். இதே ஆஸ்பத்திரிதான். பழைய கட்டடம், மேல் மாடி. புது மருந்து ஒண்ணு குடுத்தாங்க. பாதி நீலம், பாதி வெள்ளையா ஒரு கேப்ஸ்யூல். நான்தான் தண்ணி ஊத்திக் குடுப்பேன்.”

பேராசிரியர் விழித்துக்கொண்டார்.

அப்பா இறந்த அன்று, மருந்து ஏன் கேட்கவில்லை என்று அம்மா ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டாளாம். தாமதமாக வந்தீர்கள் என்றார் ஒருவர். உடம்பில் தெம்பில்லை என்றார் இன்னொருவர். முகக்கவசம் போட்ட ஒரு டாக்டரம்மா மட்டும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தெரியலம்மா என்றாளாம்.

“அவங்க ஒருத்தங்கதான் பொய் சொல்லல, மேடம். இப்ப அந்த மருந்து கடையிலயே கிடைக்குது. பக்கத்து வீட்டு மாமா அதைச் சாப்பிட்டுட்டு மாடிப்படி ஏறி இறங்கறார். எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் கேக்கல? டாக்டர் ஆனா மருந்தை எழுதிக் குடுக்கலாம். ஏன் கேக்கலன்னு கண்டுபிடிக்க ஆராய்ச்சியும் வேணும்ல?”

டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த மாடி, கேள்வி கேட்டவளுடைய வார்டு. அந்தப் புது மருந்தைச் சோதித்த ஆய்வும் அவளுடையது. ஞாபகத்தில் முகங்களைத் தேடினாள். தம்ளரோடு நின்ற ஒரு சின்னப் பெண், மூச்சு வாங்கும் ஒரு மனிதர். எதுவும் வரவில்லை. எத்தனையோ கட்டில் ஓரங்களில் உட்கார்ந்தவள்.

மனசை ஏதாவது செய்யும் என்று காத்திருந்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது.

“அப்பா என்ன வேலை பார்த்தார்?”

“பஸ் டிரைவர். ஹாரன் அடிக்கவே பிடிக்காது.”

அவள் முழு மதிப்பெண் போட்டாள். மற்ற இருவரும் அப்படியே.

“இந்த வருஷத்துக்கு இந்த ஒரு பிள்ளை போதும்” என்றார் டீன், கதவு சாத்தியதும்.

அவள் எழுந்து வெளியே போனாள். வராந்தா கோடியில் அந்தப் பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “இல்லம்மா, அழல. சத்தியமா அழல. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.” இவளைப் பார்த்ததும் போனைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ஏதாவது விட்டுட்டேனா, மேடம்?”

“இல்லம்மா. பத்திரமா போயிட்டு வா.”

திரும்பி நடந்தாள். முகம் ஞாபகம் வராவிட்டாலும் பரவாயில்லை. அந்த மாடியில் இறந்துபோனவர்கள் எல்லோரும் ஆய்வின் ஒரே பக்கம்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆய்வு முடிந்து, யாருக்கு எது என்று பிரித்துப் பார்த்த அன்று தெரிந்தது.

அதற்கு முன் தெரியாதுதான். “தெரியலம்மா” என்றது நேர்மையால் சொன்ன வார்த்தையில்லை. ஆய்வு முடியும்வரை மருத்துவருக்கே தெரிந்திருக்கக் கூடாது என்பது விதி.

பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நீலம், அதே வெள்ளை, உள்ளே வெறும் மாவு. பெரியவர்களிடம் விளக்கிச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினார்கள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்த குழந்தையிடம் யார் சொல்வார்கள்?

புது மருந்துகளை எப்படிச் சோதிப்பது என்ற பாடம் இரண்டாம் வருடத்தில் வரும்.

எடுப்பது அவள்தான்.