வலிக்கு அவன் போடும் மார்க்

"நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

கேள்வி அவளைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது.

கணவன் போனை எடுத்தான்.

"காலையில மூணு முட்டைங்க மேடம். மஞ்சக்கரு ஒண்ணுதான். மத்தியானம் நூத்தியம்பது கிராம் கோழி, வெள்ளரிக்கா. ராத்திரி பனீர் நூறு." விரலால் தள்ளித் தள்ளிப் படித்தான். "புரோட்டீன் எழுபது கிராமுக்கு மேல வந்துருதுங்க. கார்போஹைட்ரேட் இருபதைத் தாண்ட விடறதில்ல."

அவள் மேசை மேலிருந்த பிளாஸ்டிக் ஆப்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி. உணவு ஆலோசகரின் அறை. பெயர்ப்பலகையில் ஜெசிந்தா என்றிருந்தது. ஐம்பது வயதிருக்கும். மகளிர் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு அவர் முன்னால் விரிந்து கிடந்தது.

எண்டோமெட்ரியோசிஸ்.

கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியிலும் வளர்ந்து, மாதாமாதம் அடிவயிற்றைப் பிடுங்கி எடுக்கும் நோய்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்ட அன்றே அவன் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டான். ஸ்பின்னிங் மில்லில் நூலின் தரம் பார்ப்பவன். மறுநாள் அவள் சாப்பாட்டை நிறுக்க வீட்டுக்கு ஒரு எடை மெஷின் வந்தது. அரிசி டப்பா அவள் கைக்கு எட்டாத பரணுக்குப் போனது.

வலி மட்டும் எங்கும் போகவில்லை.

அவள் சுருண்டு படுக்கும்போதெல்லாம் அவன் போனைத்தான் திறந்தான். முந்தின நாள் என்ன தின்றாள் என்று தேடினான். ஏதாவது ஒன்று அகப்படும். விசேஷ வீட்டில் ஒரு கரண்டி பொங்கல். பக்கத்து வீட்டில் கொடுத்த அரை இட்லி.

"பாத்தியா," என்பான். "நீயே இழுத்துக்கிட்டது."

மூன்றாம் மாதத்தோடு அவள் பதில் சொல்வதை விட்டாள். அவன் சட்டைகளைத் தேய்ப்பதையும் விட்டாள். அவன் அதைக் கேட்கவில்லை. கசங்கிய சட்டையோடு மில்லுக்குப் போய் வந்தான்.

ஜெசிந்தா எடைச் சீட்டைப் பார்த்தார்.

"ஏழு கிலோ குறைஞ்சிருக்காங்க."

"நல்லதுதானுங்களே?"

"குறைக்கணும்னு யாரு சொன்னா?"

அவன் சிரித்தான். "நாங்க அரிசியை நிறுத்துனதுல வந்த பலனுங்க மேடம்."

"நீங்களும் நிறுத்திட்டீங்களா?"

"இல்லீங்க. அவளுக்கு."

ஜெசிந்தா தட்டுப் படம் போட்ட தாள் ஒன்றை எடுத்தார். பேனாவால் கோடு கிழித்தார். பாதிக்குக் காயும் கீரையும். கால்வாசி முட்டையோ மீனோ பயறோ. மிச்சக் கால்வாசியில் 'சோறு' என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, 'கம்பு, ராகியும்' என்று சேர்த்தார்.

"புரோட்டீன் வேணும், அதுல தப்பில்ல. அதுக்காக தானியம், பயறு எல்லாத்தையும் வெட்டிட்டா நார்ச்சத்துக்கு எங்க போறது? மலம் கட்டும். வயித்து வலி இன்னும் ஏறும். தலை சுத்தும். புரோட்டீன், தானியம் ரெண்டும் தட்டுல இருக்கணும்." பேனாவை மூடினார். "இதெல்லாம் உடம்புக்கு ஒரு கை கொடுக்கத்தான். நோயை எடுத்துடாது. வலி வந்தா, அவங்க எதையோ தின்னுட்டாங்க, அதான் வந்துருச்சுன்னு சொல்லாதீங்க."

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

அவன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "நெட்ல வேற மாதிரிப் போட்டிருக்குதுங்க."

"இருக்கும்." ஜெசிந்தா அவனைப் பார்க்கவில்லை. "வலி எப்படிம்மா இருக்கு? பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?"

"ஆறு," என்றான் அவன்.

ஜெசிந்தா இப்போது அவன் பக்கம் திரும்பினார்.

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். "தெனமும் குறிச்சு வெச்சிருக்கறனுங்க. ஆறு, ஆறு, எட்டு, ஆறு."

"அவங்களைக் கேட்டுத்தான் போடறீங்களா?"

"நான் எந்திரிச்சு சமைச்சுட்டா ஆறு." சொன்னது அவள். "படுத்துட்டன்னா எட்டு. மில்லுல இருந்து வந்ததும் அடுப்பைப் பாத்துட்டுப் போட்டுக்குவாருங்க."

அவனுக்குக் காதுமடல் சிவந்தது.

"வாயை மூடு," என்றான். சத்தம் போடாமல்.

"இவரை வெளிய இருக்கச் சொல்லுங்க, மேடம்."

அவன் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டான். "நான் இவ வீட்டுக்காரனுங்க. எனக்குத் தெரியாம இவளுக்கு என்ன இருக்குது?"

ஜெசிந்தா எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். கதவை அகலத் திறந்து பிடித்தபடி நின்றார்.

வராந்தாவில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர்கள் பார்த்திருக்காவிட்டால் அவன் எழுந்தே இருக்க மாட்டான். எழுந்தவன் அவள் காதருகே குனிந்தான்.

"வீட்டுக்குத்தான வரணும் நீ."

கதவு சாத்தப்பட்டது.

ஜெசிந்தா அவன் விட்டுப்போன நாற்காலியிலேயே உட்கார்ந்தார். "இப்பச் சொல்லுங்க. பத்துக்கு எவ்வளவு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். எண் எதுவும் வரவில்லை.

"பசிக்குதுங்க," என்றாள்.

மணி பன்னிரண்டே முக்கால். ஜெசிந்தா மேசைக்கடியிலிருந்து தன் சாப்பாட்டுப் பையை இழுத்தார். டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். தக்காளிச் சோறு, ஓரத்தில் கொஞ்சம் தட்டைப்பயறு, இரண்டாக வெட்டிய முட்டை. பைக்குள் கைவிட்டு ஸ்பூனைத் தேடினார்.

அவள் காத்திருக்கவில்லை. முட்டையை விரலால் தள்ளிவிட்டுச் சோற்றை அள்ளினாள்.

வெளியே கதவு தட்டப்பட்டது. ஒரு தடவை. பிறகு விடாமல்.

ஜெசிந்தா கதவைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாய்க்குள் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினாள்.

"சாப்பிட்டு முடிச்சுக்கறனுங்க," என்றாள். "அதுக்கப்புறம் திறங்க."